சிரிப்பு எடுக்காமல் போனவனுக்கு

என் மகள் வயிற்றில் கம்பி சொருகியவன் நீ. கையால் சொருகவில்லை, குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "செத்து விழு" என்று சொன்னாய், அவள் விழுந்தாள், அன்றிலிருந்து பத்து வருஷமாக விழுந்துகொண்டே இருக்கிறாள், நீ மேடை மேடையாக ஏறி மாலை வாங்கிக்கொண்டே இருக்கிறாய். உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது எழுதாத சுவர் தமிழ்நாட்டில் இல்லை, அது போதும் உனக்கு.

என்னை மறந்திருப்பாய் என்று நினைக்கவில்லை, உன் மூக்கு மறக்க விடாது. இருந்தாலும் சொல்கிறேன். நான் நத்தைக்குழி தனக்கோடி, ஆட்டுத் தரகு பார்க்கிறவள். கல்சூளைக்குப் போன புருஷன் திரும்பி வராத வருஷத்தில், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய், துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசக் கற்றுக்கொண்டவள். ஆம்பிளை விரலைப் பொம்பளை பிடிப்பதா என்று கேட்டவனின் விரலை அதே துண்டுக்குள் ஒடித்தவள். அந்தக் கைப்பிள்ளைதான் வினோதா.

உலகம் அழிந்துபோன மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று ஜில்லா ஜில்லாவாகத் தேடிவிட்டு நீ எங்கள் ஊரில் காரை விட்டு இறங்கினாய். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளத்தையும், வெள்ளைத் தூசி மூடிய கருவேலத்தையும், அந்தத் தூசி படிந்த புல்லைத் தின்று தின்று நிறம் வெளுத்த ஆடுகளையும் பார்த்தாய். "இங்க செட்டே போட வேணாம்யா, எல்லாம் ரெடியா இருக்கு" என்று நீ சொன்னபோது, கேட்டுக்கொண்டு நின்ற நாங்கள் பெருமைப்பட்டோம். பள்ளத்தின் அடியில் நத்தையும் சங்கும் கல்லாகிக் கிடக்கின்றன, ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்து செத்தது என்கிறார்கள், அதனால் உலகம் அழிந்த கதை எங்களுக்குப் புதிதாகவும் படவில்லை.

கதையை நீயே சொன்னாய். சுண்ணாம்புத் தூசியில் ஒரு நோய் கிளம்பி, உலகத்தில் பாதிப் பேர் செத்து, செத்ததில் பாதிப் பேர் வெள்ளை வெளேரென்று எழுந்து மனுஷனைக் கடித்துத் தின்கிறார்கள், ஒரே ஒரு வீரன் அவர்களை வெட்டிக்கொண்டே போகிறான். படத்தின் பெயர் 'சுண்ணாம்பர்'. எழுந்து வருகிறவர்களும் வெட்டுப்படுகிறவர்களும் நாங்கள். என்னை மட்டும் வேண்டாம் என்றாய், என் மூஞ்சி செத்த மூஞ்சியாகத் தெரியாது, விட்டால் வீரனையே நான் அடித்துவிடுவேன் என்றாய், எல்லாரும் சிரித்தார்கள், என் மகளும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்கு.

வெட்டினான் உன் வீரன். சவரக் கடை சாமிதுரையின் தலையைச் சங்கிலியால் அறுத்தான், பஸ் டிரைவர் மயில்வாகனத்தின் முதுகைக் கோடாலியால் பிளந்தான், பதினேழு வயசு வினோதாவைப் பாறையோடு சேர்த்துக் கம்பியால் குத்தினான், குத்திவிட்டுக் கேமராவைத் திரும்பிப் பார்த்து, "இது ஏற்கெனவே செத்தது" என்றான். நீ கைதட்டினாய். சாயம் கலந்த சர்க்கரைப் பாகுதான் ரத்தம், குடம் குடமாக ஊற்றினார்கள், எறும்பு மொய்த்தது, நாங்கள் கழுவிக்கொண்டு சோற்றுக்கு வரிசையில் நின்றோம்.

கடைசி நாள் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். சினிமாவில் பிணமாகப் படுத்தவன், காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பையும் எடுத்துவிட்டுப் பூசணிக்காய் சுற்றி உடைத்த பிறகுதான் அவன் வீட்டுக்குப் போகலாம். இது உங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. படத்தின் முடிவில் உன் வீரனும் செத்தான், அவனை எழுப்பி மூன்று தடவை சிரிக்கவைத்து எடுத்தாய், பெரிய பூசணிக்காயாகப் பார்த்து உடைத்தாய். உன் மேக்கப் ஆள் தர்மலிங்கம் வந்து உன் காதருகே குனிந்தார்.

"சார், ஊர் ஜனம் அம்புட்டும் பொணமா நடிச்சிருக்கு. நிக்கவெச்சு ஒரே ஒரு சிரிப்பு எடுத்துருவோம் சார்."

"லைட் போயிருச்சுய்யா. ஹீரோவுக்கு எடுத்தாச்சுல்ல. கூட்டத்துக்கெல்லாம் எதுக்குச் சிரிப்பு?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதால் கேட்டேன்.

படம் வந்தது. டவுன் தியேட்டருக்கு ஊரே போனோம், வினோதா என் பக்கத்து நாற்காலியில் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் திரை முழுக்க வந்ததும் எங்கள் சனம் நாற்காலி மேல் ஏறி விசிலடித்தது, கம்பி இறங்கியதும் "ஒன்ஸ் மோர்" என்று கத்தியது, ஆபரேட்டரும் நம்ம ஊர்ப் பெண்ணாயிற்றே என்று அந்தப் படத்துண்டைத் திருப்பித் திருப்பி ஓட்டினான். என் மடியில் ஈரமாக ஏதோ வடிந்தது. ரோஸ்மில்க்கைக் கொட்டிவிட்டாள் என்று நினைத்து, "கண்ணு தெரியலயாடி" என்று முதுகில் ஒன்று வைத்தேன். கை அவள் முதுகில் படவில்லை. உள்ளே போனது.

அன்றைக்கு அந்தத் தியேட்டருக்குள் நத்தைக்குழி செத்தது. யார் யார் திரையில் விழுந்தார்களோ அவரவர் நாற்காலியில் விழுந்தார்கள், அதே வெட்டு, அதே இடம். சாமிதுரையின் தலை படி படியாக உருண்டு முன்வரிசை பெஞ்சுக்கு அடியில் போய் நின்றது. படம் முடிந்து விளக்குப் போட்டதும் தலை கழுத்துக்கு வந்தது, பிளந்தது மூடியது, ஓட்டை மூடிய இடத்தில் சுண்ணாம்பு தடவினாற்போல் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் நின்றது. எழுந்தவர்கள் உடம்பெல்லாம் பாகு, வாசலுக்குப் போவதற்குள் எறும்பு வந்துவிட்டது. வலித்ததா என்று கேட்டேன். வினோதா, "கம்பி சொருவுனா வலிக்காதாம்மா?" என்றாள்.

அழுதோம், ஆஸ்பத்திரிக்குப் போனோம், கோயிலுக்கும் மாதாவுக்கும் போனோம், எல்லாம் போய்விட்டு வந்து, மறுநாள் மாட்னிக்குச் சோற்றைச் சீக்கிரமே வடித்து வைத்துவிட்டுப் பாயைப் போட்டுப் படுத்துச் செத்தோம். வேறு என்ன செய்வது? பெரிய திரை என்றால் பஸ் போகிற தூரத்துக்கும் வெட்டும், சின்னத் திரை என்றால் கூப்பிடு தூரத்துக்கு வெட்டும், அதை வைத்து ஊர் தன்னைத் திருத்திக்கொண்டது. மயில்வாகனம் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி ஆடு மேய்த்தான். முதல் பாதியில் சாகிற பெண்ணுக்கு இரண்டாம் பாதியில் சாகிற மாப்பிள்ளையாகப் பார்த்தார்கள், ஒருவர் விழுந்தால் ஒருவர் அடுப்பைப் பார்ப்பார் அல்லவா. வாத்தியார் வருகைப்பதிவில் பாதிப் பேருக்கு அரைநாள் போட்டார். வெளியூர்க்காரன் ஒருவன் சவரத்துக்கு உட்கார்ந்து, சாமிதுரையின் தலை நழுவி மடியில் விழ, அவன் அரைக் கன்னத்து நுரையோடு மெயின்ரோடு வரைக்கும் ஓடினான். உள்ளூர்க்காரர்கள் அந்தத் தலையை எடுத்துக் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டுத் தினத்தாள் படித்துக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், "என்னா பெரியப்பா, செத்தாச்சா?" என்று கேட்கும் ஊராகிவிட்டோம். "எங்கடா, கரண்டு கட்டு. படம் பாதியில நிக்குது, நானும் பாதியில நிக்கிறேன்" என்று சாமிதுரை சொல்வார், கேட்டவர்கள் புரண்டு சிரிப்பார்கள், அவர் சிரிக்க மாட்டார். அவர் மட்டுமில்லை. உன் படத்தில் செத்த யாருக்கும் சிரிப்பு வரவில்லை. உதடு போகும், பல்லும் தெரியும், சிரிப்பு வராது.

நான் என் தொழிலைச் செய்தேன். தியேட்டர் முதலாளி ஆரோக்கியசாமியிடம் போய் துண்டை விரித்து விரலைப் பிடித்தேன்.

"எம்மா தனக்கோடி, ஊரு ஊரா வண்டி கட்டிக்கிட்டு வந்து பாக்குறாங்க. மாட்னிய நிறுத்துன்னா எப்பிடிம்மா?"

"மாட்னி நேரத்துல எங்கூட்டுப் பொம்பளைங்க கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வடிக்கிறாளுவ. வடிக்கிற கையோட விழுந்தா ஊத்துறது புள்ள மேல. ஒன் மேல ஊத்தட்டுமா, சொல்லு."

விரலை விட்டால்தானே அவர் போவது. தேர்த் திருவிழாவன்று ஆட்டமே கிடையாது, பரீட்சையன்று காலைக் காட்சி கிடையாது, நாற்று நடவுக்குச் சாயங்காலம் மட்டும், இப்படி வேளை வேளையாகப் பேசி எங்கள் உயிரை நான் துண்டுக்குள் வாங்கினேன். அவர் நல்ல மனுஷன். கடைசியில் எந்த நேரத்தில் யார் சாவார்கள் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

ஆனால் உன் படம் தியேட்டரோடு நிற்கவில்லை. கல்லூரிப் பையன்கள் முகத்தில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு பைக்கில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள், தோல் வெந்து கொப்பளித்ததையும் படம் எடுத்துப் போட்டார்கள். தெருப் பிள்ளைகள் கபடியை விட்டுச் சுண்ணாம்பர் ஆடின, குச்சியால் குத்துகிறவன் வீரன், குத்துப்படுகிறது எப்போதும் இளைத்த பிள்ளை. என் மகள் கம்பியோடு நிற்கும் படம் பனியனில் வந்தது, பென்சில் டப்பாவில் வந்தது. எல்லாவற்றையும் விட உன் வீரன் சொன்ன அந்த வார்த்தை வாய் வாயாகப் போனது. போன் சார்ஜ் தீர்ந்தாலும் அதைச் சொன்னார்கள், காதலித்தவளின் முகத்தில் ஆசிட்டை ஊற்றியவனும் அதைச் சொன்னான், ஆளை வெட்டிவிட்டு அரிவாளோடு வந்து நின்றவனும் அதைச் சொன்னான். குவாரித் தூசியால் நெஞ்சு அடைக்கிறது என்று நாங்கள் மனுக் கொடுக்கப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்து, "இது ஏற்கெனவே செத்தது" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நாங்கள் திரும்பி வந்தோம்.

பிறகு செத்த இடத்தைப் பார்க்க ஜனம் வர ஆரம்பித்தது. பாறையில் சாய்ந்து நின்று, போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டி, அதே மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வேளை பேசி வாங்கிய உயிரெல்லாம் போயிற்று. யார் எப்போது எந்தப் புதர் மறைவில் போனைத் திறப்பான் என்று யாருக்குத் தெரியும்? வினோதா தண்ணீர் எடுக்கும்போது விழுந்தாள், பஸ் ஏறும்போது விழுந்தாள். வெளியூர் போய்ப் பிழைக்கப் பார்த்தவர்களும் திரும்பிவிட்டார்கள். திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் எவனோ படம் பார்க்க, மயில்வாகனத்தின் தம்பி நடுரோட்டில் இரண்டாகப் பிளந்து கிடந்தான், அதையும் சுற்றி நின்று எடுத்தார்கள். இங்கேயானால் தலைக்கு ஒரு கை கொடுக்க ஆள் உண்டு, எறும்பு விரட்ட ஆள் உண்டு.

நாங்களாகச் சரிசெய்யப் பார்க்காமல் இல்லை. ஒரு தோட்டத்துப் பூசணியை மொத்தமாக வாங்கி உடைத்தோம், கல்யாண வீட்டுக்கு வீடியோ எடுக்கிறவரைக் கூட்டிவந்து ஊரையே வரிசையில் நிறுத்தி எடுத்துப் பார்த்தோம். அவர் சிரி சிரி என்று தொண்டை கட்டக் கத்தினார், ஒருத்தருக்கும் வரவில்லை. தர்மலிங்கத்துக்குப் போன் போட்டேன்.

"எக்கா, செத்து விழுன்னு எந்த வாய் சொல்லுச்சோ, எழுந்திருச்சுச் சிரின்னு அந்த வாய்தான் சொல்லணும். எங்க தொழில்ல அதான் வழக்கம். நான் அன்னிக்கே சொன்னேன்க்கா, கேக்கல அவரு."

அதனால்தான் மெட்ராஸ் வந்தேன். உன் ஆபீசில் உட்கார வைத்தார்கள், சார் கதையில் இருக்கிறார் என்றார்கள். நீ வந்ததும் நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன், சார் என்றேன். எல்லாவற்றையும் கேட்டாய், உன் கண் பெரிசாயிற்று, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாய், என் பேச்சு புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"நிஜமாவே ஓட்டை விழுதா? அந்தப் பக்கம் தெரியுமா? அப்ப ரெண்டாம் பாகத்துக்கு மேக்கப்பே வேணாமே" என்றாய்.

மேசை மேல் இருந்த உன் விருதை எடுத்து மூக்கில் அடித்தேன். பித்தளை போலிருக்கிறது, நல்ல கனம். உன் ரத்தத்தைத் தொட்டு நக்கிப் பார்த்தேன், உப்பாகத்தான் இருந்தது. உன் ஆட்கள் என்னைப் படியில் உருட்டியதில் இரண்டு விலா போயிற்று. அதற்காக நான் எழுதவில்லை, அது கணக்கிலேயே இல்லை.

வினோதாவுக்குக் கல்யாணம் செய்தேன். ராஜ்மோகன் லாரி ஓட்டுகிறவன், வேறு ஊர்க்காரன், உன் படத்தில் இல்லை, அது ஒன்றே போதும் என்று முடித்தேன். ஆரோக்கியசாமி அன்றைக்குத் தியேட்டரையே பூட்டிவிட்டு மொய் வைக்க வந்திருந்தார். இரண்டாவது முடிச்சுப் போடும்போது மண்டபத்துக்கு வெளியே எவனோ போனைத் திறந்தான். கூறைப் புடவைக்குள் ஓட்டை விழுந்து அவள் சாய்ந்தாள். மேளக்காரர் அடிப்பதை நிறுத்தினார், எங்கள் ஊர்க்காரர்கள், "நிறுத்தாதய்யா, எழுந்திருச்சிரும், அடி" என்றார்கள். ராஜ்மோகன் சாய்ந்த கழுத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு மூன்றாவது முடிச்சைப் போட்டான், பாகில் ஏறிய எறும்பைத் துண்டால் தட்டினான், என்னைப் பார்த்து மெதுவாக, "எவ்வளவு நேரத்துல வரும் அத்தை?" என்றான். அன்றைக்குத்தான் அவனை மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட்டேன்.

இப்போது அவளுக்கு நிறைமாதம்.

ஏழாம் மாதம் வளையல் போட்ட மறுநாள், கொல்லையில் விழுந்தாள். ஓடிப்போய்ச் சேலையை விலக்கினேன். வழக்கமான ஓட்டை, வழக்கமான இடம், ஆனால் அதற்குள்ளே, பாகு வழிகிற சுவருக்குப் பின்னால், ஒரு பாதம் தெரிந்தது. என் கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. வெளிச்சம் பட்டதும் அது சுருங்கி, இழுத்துக்கொண்டு, இடது பக்கமாக ஒதுங்கிப் போனது. எத்தனை ஆட்டுக்குப் பேறு பார்த்த கை இது, சேலையை இழுத்து அந்த வெளிச்சத்தை மறைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து ஜெசிந்தா சிஸ்டர் வந்து தையல் போடப் பார்த்து, நூலைக் கீழே வைத்துவிட்டார்.

"போட்டாலும் படம் முடிஞ்சா நூலு காணாமப் போயிடுதுக்கா. ஆனா ஒண்ணு, கொழந்த கத்துக்கிச்சு. கம்பி வர்ற பக்கத்த விட்டு ஒதுங்கியே படுத்திருக்கு பாருங்க."

"ஒதுங்கட்டும். எம் பேரன்ல."

"இப்ப எடம் இருக்கு, ஒதுங்குது. நெறமாசத்துல எங்கக்கா ஒதுங்கும்?"

இடம் குறைந்துகொண்டே வருகிறது. வினோதாவின் வயிறு இடது பக்கம் மட்டும் மலையாகவும், வலது பக்கம் பள்ளமாகவும் இருக்கிறது. ராஜ்மோகன் லாரியை நிறுத்திவிட்டு ஊர் வாசலில் கட்டையோடு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் போனையெல்லாம் பிடுங்கி உடைக்கிறான். நாலு பேர் கையும் உடைந்தது, அவன் மேல் கேஸ் இருக்கிறது. வினோதா, சாமிதுரையின் கடைக்கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, அதன் முன்னால் உட்கார்ந்து உதட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். "புள்ள பொறந்து மொகம் பாக்குறப்ப சிரிக்காத மூஞ்சியா இருந்தா பயந்துக்கும்மா" என்கிறாள்.

இந்த நேரத்தில்தான் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பர் பத்தாம் ஆண்டு விழா, படம் பிறந்த மண்ணிலேயே, எங்கள் பள்ளத்துக்குள்ளேயே, தமிழ்நாட்டில் யாரும் கட்டாத பெரிய திரை, இயக்குநர் நேரில் வருகிறார். திரையைப் போய்ப் பார்த்தேன். பத்து மாடி உயரத்துக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். டவுன் தியேட்டர் திரையே எங்களை இரண்டாகப் பிளக்கும். இதில் அந்தக் கம்பி பனைமரம் கனத்துக்கு வரும், அதற்கு இடது பக்கம் ஏது, வலது பக்கம் ஏது? ஜெசிந்தா சிஸ்டர் சொன்ன தேதியும் சுவரொட்டியில் இருக்கும் தேதியும் ஒரே வாரம். விழாக்காரர்களிடம் துண்டை விரித்தேன், தேதியைத் தள்ளுங்கள் என்றேன். முகத்தில் சுண்ணாம்பு பூசிய ஒருவன் துண்டைத் தட்டிவிட்டு, "பாட்டி, இது ஏற்கெனவே" என்று ஆரம்பித்தான். முடிக்கப் பல் இல்லை அவனுக்கு.

நீ வருகிறாய், அதனால் எழுதுகிறேன். நீ விட்டுப்போன கம்பி ரப்பர், அது இன்னும் என் ஆட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. பக்கத்தில் இன்னொன்றும் சாத்தியிருக்கிறேன், அது ரப்பர் இல்லை. பள்ளத்துக்குள் இறங்க ஒரே வழிதான், ஏறவும் அதே வழிதான், அதில் நத்தைக்குழி முழுக்க நின்றுகொண்டிருக்கும். பத்து வருஷமாகச் செத்துப் பழகியவர்கள், அவர்களை எதைக் காட்டி நீ பயமுறுத்துவாய்?

நான் பேரம் பேசியே பிழைத்தவள். கேட்டதில் பாதி கிடைத்தால் போதும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் துண்டுக்குள் கையை விட்டிருக்கிறேன். இதில் துண்டு இல்லை, விரல் இல்லை, பாதி இல்லை. உன் படம் ஓடட்டும், உன் மாலை உன் கழுத்திலேயே இருக்கட்டும், எங்கள் பெயரை நீ எங்கேயும் போட வேண்டாம். திரையில் வெளிச்சம் விழுவதற்கு முன்னால் உன் கேமராவை எங்கள் பக்கம் திருப்பி வை. ஊர் மொத்தத்தையும் எடுக்க வேண்டும், ஒரு தலை விடாமல். என் மகளை முதலில் எடு. அவள் வயிற்றில் இருப்பது உன் படத்தில் நடிக்கவில்லை, நீ சொல்லி அது சாக வேண்டியதில்லை. அந்த மைக்கை எடுத்து, எந்த வாயால் செத்து விழு என்றாயோ அந்த வாயால் எழுந்திரு என்று சொல். சிரி என்று சொல்.

அவளுக்கு உடனே வராது. பத்து வருஷம் சிரிக்காத வாய். நீ காத்திரு. லைட் போனாலும் காத்திரு.